பிடித்துவைத்த கூலி: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் எதைக் காட்டி வாங்கினார்கள்?

செந்தூல் வாசகர்:
வணக்கம். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்குப் பழைய கூலிப் பாக்கி கொடுத்திருக்கிறார்கள். தலைக்கு 2,000 டாலர் என்று ஓரிடத்தில் இருக்கிறது, 16,500 என்று இன்னோரிடத்தில். எது சரி? கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாதவர்கள் எப்படி நிரூபித்தார்கள்? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போன நம் ஆட்களுக்கு இந்த வழி உண்டா? பிரிக்பீல்ட்ஸ் கலந்துரையாடலில் பேச வேண்டும், விவரம் பிசகக் கூடாது.

பட்டர்வொர்த் அன்பர்:
இரண்டும் சரிதான் ஐயா, இரண்டும் மேற்கு ஆஸ்திரேலியா. 2,000 என்பது 2012இல் மாநில அரசு அறிவித்த தொகை. பூர்வகுடிகளுக்கென அரசு நடத்திய குடியிருப்பில் இருந்தவராகவும் 1958க்கு முன் பிறந்தவராகவும் இருக்க வேண்டும். 16,500 வழக்காடி வந்தது. 2020இல் கூட்டு வழக்கு, 2023 நவம்பரில் சமரசம். செலவு உட்பட 180.4 மில்லியன் வரை. 1936 முதல் 1972 வரை உழைத்தவர்களுக்கு.

குவீன்ஸ்லாந்து கதை தனி. 1897 சட்டப்படி கூலியின் பெரும்பகுதி 'பாதுகாவலர்' என்ற அதிகாரியிடம் போனது. பல ஊர்களில் உள்ளூர் போலீஸ்காரரே பாதுகாவலர். ஒரு ஜோடி சப்பாத்து வாங்கவும் அவரிடம்தான் கேட்க வேண்டும். சரி என்றால் ஏட்டில் கைநாட்டு. ஏடும் அவரிடம், பணமும் அவரிடம். கைநாட்டு ஏட்டில் பதிந்திருக்கும். காசு கைக்கு வந்ததா என்பதை அந்த ஏடு சொல்லாது.

2002இல் அம்மாநிலம் 55.4 மில்லியன் ஒதுக்கி, வயதைப் பார்த்து 4,000 அல்லது 2,000 தருவதாகச் சொன்னது. வாங்கினால் இனி வழக்குப் போடமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பலர் மறுத்துவிட்டார்கள், மறுத்தது நியாயமே. பிறகு ஹான்ஸ் பியர்சன் முன்னின்ற கூட்டு வழக்கு 2019இல் 190 மில்லியனுக்குச் சமரசமானது.

கிள்ளான் சகோதரி:
நிரூபணம் பற்றி. ஆளுக்கு எவ்வளவு பாக்கி என்று தனித்தனியே கணக்குப் பார்த்திருந்தால் வழக்கு நின்றிருக்காது, ஏடுகள் பல அழிந்துவிட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரே தொகை வைத்ததற்கு இது பெரிய காரணம். அதனால் சென்ட் கணக்கு வேண்டாம். அந்த ஆண்டுகளில் அங்கே வேலை செய்தவர், கூலி முழுதாக வரவில்லை என்பது தெரிந்தால் போதும். தொழிலாளி இறந்திருந்தால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் கேட்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை.

சிக்கல் பெயரில்தான். மாட்டுப் பண்ணையில் முதலாளி வைத்த பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிட்டது வேறு. பிறந்த தேதியும் உத்தேசம். அடையாளக் கார்டில் ஒரே ராமசாமியை மூன்று விதமாக எழுதிய நம் தோட்டத்து ஆட்களுக்கு இது புரியும்.

வடக்குப் பிரதேசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2024இல் மத்திய அரசோடு சமரசம், 202 மில்லியன் வரை, 1933 முதல் 1971 வரை.

பட்டர்வொர்த் அன்பர்:
மரண ரயிலுக்கு அந்த வழி பொருந்தவில்லை. ஆஸ்திரேலியாவில் கூலியைப் பிடித்த அரசையே அதன் சொந்த நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்தது. இங்கே 1967 செப்டம்பரில் ஜப்பானும் மலேசியாவும் அரசுக்கு அரசு முடித்துக்கொண்டன. 25 மில்லியன் வெள்ளி மதிப்பு, அதுவும் சரக்குக் கப்பல்களாக. தண்டவாளம் போட்டவர் கைக்கு அதில் ஒரு காசும் இல்லை.

நம் சட்டத்தில் ஒப்பந்தப் பாக்கிக்குக் கெடு ஆறு ஆண்டு, 1953 காலவரைச் சட்டம். 1955 வேலைச் சட்டப்படி முதலாளி பதிவேட்டை வைத்திருக்க வேண்டியதும் ஆறு ஆண்டுதான். இன்று கூலி பாக்கி இருப்பவர்கள் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்குத் தாளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஆறாவது ஆண்டு வரை காத்திராமல் தொழிலாளர் இலாகாவுக்குப் போவது நல்லது.

செந்தூல் வாசகர்:
மிக்க நன்றி. பழைய செக்ரோல் (தோட்டக் கூலிப் பதிவேடு) நகல் வைத்திருப்பவர்களைக் கொண்டுவரச் சொல்கிறேன். பெயர், தோட்டம், பிரிவு, ஆண்டு நான்கையும் குறித்துக்கொள்ளலாம்.