இரண்டாவது நெட் கனெக்‌ஷன்: எது எப்போது கைகொடுக்கும், எது கைவிடும்

மொட்டைமாடி

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கான மாற்று இணைப்பு பற்றித் துண்டு துண்டாகப் பேசியதை ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம் என்று இந்தத் திரி. "எங்க ஏரியாவுல இந்தக் கம்பெனிதான் சூப்பர்" என்ற பதில் வேண்டாம், அது தெருவுக்குத் தெரு மாறும். எது எதனால் போகிறது, என்ன செய்தால் நிற்கிறது, எத்தனை வோல்ட், எத்தனை மணி நேரம், இப்படி எழுதுங்கள்.

முதல் புள்ளியை நானே வைக்கிறேன். இரண்டு கனெக்‌ஷன் போட்டவர்கள் அதிகம் சொல்லும் குறை, இரண்டும் ஒரே நிமிடத்தில் போய்விடுகிறது என்பதுதான். சென்னையில் பெரும்பாலான தெருக்களில் ஃபைபர் தலைக்கு மேலேதான் போகிறது. மின்கம்பத்தில் ஒரு முடிச்சு, வேப்பமரத்தில் ஒரு முடிச்சு. நாலு கம்பெனி கேபிளும் ஒரே கட்டாகத் தொங்கும். உயரமாக லோடு ஏற்றிய லாரி ஒன்று இழுத்துக்கொண்டு போனால் நாலும் சேர்ந்தே போகும்.

ஆகவே பணம் கட்டும் முன் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை கேபிளைப் பார்த்துக்கொண்டே ஒரு நடை நடந்து வாருங்கள். புதிய கம்பெனி ஆள் பார்க்க வரும்போது வேகத்தைக் கேட்பதற்கு முன் "எந்தக் கம்பத்துல இருந்து இழுப்பீங்க? லைன் போனா யார் வந்து ஒட்டுவாங்க?" என்று கேளுங்கள். பல தெருக்களில் பில்லில் பெயர் மட்டும்தான் வேறு, இழுப்பதும் ஒட்டுவதும் ஒரே உள்ளூர் கேபிள்காரர். அடுக்குமாடி என்றால் கேபிள் மேலேறும் டக்ட்டையும் மாடியில் இருக்கும் நெட் பெட்டிகளையும் பாருங்கள். இரண்டு கம்பெனிப் பெட்டியும் ஒரே பிளக்கில் மாட்டியிருப்பது சர்வ சாதாரணம்.

பச்சைக் கனெக்டர்

மேலே சொன்னதோடு இதையும் சேருங்கள். வீட்டுக்குள் வருவது என்ன கேபிள் என்று பாருங்கள். மெல்லிய ஃபைபர் வந்து, பச்சை நிறச் சதுரக் கனெக்டரோடு ஓஎன்டி பெட்டியில் (ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றும் பெட்டி) செருகி, பெட்டியில் 'பான்' (PON) என்று ஒரு விளக்கு இருந்தால் அது ஜிபான் வகை, அதாவது ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை. கம்பெனியின் நிலையத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒளியைப் பிரிக்கும் வெறும் ஸ்ப்ளிட்டர், அதற்குக் கரண்ட் தேவையில்லை. நிலையத்தில் பேட்டரி, ஜெனரேட்டர் இருக்கும். உங்கள் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால் போதும், தெருவே இருண்டு கிடந்தாலும் நெட் வரும்.

அதற்குப் பதிலாக, கம்ப்யூட்டரில் செருகும் அதே லேன் கேபிள் ஜன்னல் வழியாக வருகிறது என்றால், தெருவிலோ மாடியிலோ எங்கோ ஒரு ஸ்விட்ச் கரண்டில் ஓடுகிறது. பக்கத்துக் கடையிலிருந்து எடுத்த கரண்டாகக்கூட இருக்கும். தெருவில் மின்சாரம் போனால் அதுவும் போகும், உங்கள் வீட்டு இன்வெர்ட்டரால் பயனில்லை. இடிமின்னலில் லேன் போர்ட் கருகுவதும் இந்த வகையில்தான் அதிகம். மாற்று இணைப்பாக இதை வாங்குவது வீண் செலவு என்பேன்.

இன்னொன்று. நெட் போனதும் முதலில் விளக்கைப் பாருங்கள். 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பில் மின்னினால் பெட்டிக்கு ஒளியே வரவில்லை. கேபிள் அறுந்திருக்கும், மடிந்திருக்கும், எலியோ அணிலோ கடித்திருக்கும். இது மணிக்கணக்கு வேலை, உடனே மாற்றுக்குப் போய்விடுங்கள். புகார் சொல்லும்போது "லாஸ் ரெட்" என்று சொன்னால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" படலம் பாதி குறையும். பான் விளக்கு நிலையாக எரிந்தும் நெட் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் கம்பெனிப் பக்கம். அதற்கு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம்.

பிரவுசரில் ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனால் ஆப்டிகல் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) என்று ஓர் எண் காட்டும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் விட்டு விட்டு வரும். இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும்.

இன்வெர்ட்டர் உள்ளவர்

வீட்டில் 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கு. ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் மட்டும் பேட்டரி கொடுக்கிற மினி யூபிஎஸ் தனியா எதுக்கு?

12வோல்ட்

இன்வெர்ட்டர் நல்லபடி இருந்தால் பெரும்பாலும் தேவையில்லை, ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போகும் நொடியில் ஓஎன்டி ரீஸ்டார்ட் ஆகிறதா? அப்படி ஆகிறது என்றால், பெட்டி எழுந்து, நிலையத்தோடு பேசி, நெட் வர இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். மீட்டிங்கில் அது நீண்ட நேரம். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் 'யூபிஎஸ்', 'நார்மல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறையும். அப்படியும் ரீஸ்டார்ட் ஆனால் அடாப்டர் சோர்ந்திருக்கலாம், ஓஎன்டி 12 வோல்ட் என்றால் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்கி மாற்றிப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள்தான் மினி யூபிஎஸ்ஸில் ஏமாறுகிறார்கள். பெட்டியில் '10,000 எம்ஏஎச்' என்று போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 12 வோல்ட்டின் கணக்கு இல்லை. 10 ஏஎச் பெருக்கல் 3.7, ஆக 37 வாட் மணி. வோல்ட்டை ஏற்றுவதில் கொஞ்சம் போனால் கையில் நிற்பது 31 அளவு. ஓஎன்டி 6 வாட், தனி ரவுட்டர் 6 வாட் என்றால் 12 வாட்டுக்கு இரண்டரை மணி நேரம்.

மின்வாரியத்தின் பராமரிப்பு நாளில் பொதுவாகக் காலை 9 முதல் மதியம் 2 வரை என்று அறிவிப்பு வரும். 5 மணி நேரம் ஓட வேண்டுமென்றால் 60 வாட் மணி, வீணாவதையும் சேர்த்தால் 70. லேபிளில் 19,000 எம்ஏஎச் இருந்தால்தான் சரிப்படும். செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் தனி ரவுட்டரை அணைத்துவிட்டு ஓஎன்டியின் சொந்த வைஃபையையே பயன்படுத்துங்கள். வைஃபை சேர்ந்து ஓஎன்டி 7 வாட் எடுத்தாலும் அதே 10,000 எம்ஏஎச் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

மாட்டும்போது வரும் சிக்கல்கள்:

பின் அளவு. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனால் 5.5க்கு 2.1 மில்லிமீட்டர், 5.5க்கு 2.5 என்று இரண்டு உண்டு (முதல் எண் பிளக்கின் வெளி அளவு, இரண்டாவது நடு ஓட்டையின் அளவு). 2.1 பிளக் 2.5 பின்னில் நுழையவே நுழையாது, அது பரவாயில்லை. 2.5 பிளக் 2.1 பின்னில் நுழைந்து லொடலொடவென்று ஆடும். மேசை அசைந்தால் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும், நாம் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்போம்.

வோல்ட். எல்லா ரவுட்டரும் 12 இல்லை, 9 வோல்ட்டும் 5 வோல்ட்டும் உண்டு. அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படிக்காமல் மாட்டினால் ரவுட்டர் காலி.

அடாப்டர். ரவுட்டரோடு வந்த 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரையே யூபிஎஸ்ஸுக்குக் கொடுத்தால், இரண்டு பெட்டியை ஓட்டிக்கொண்டே பேட்டரிக்கும் ஏற்ற அதற்குத் தெம்பு இருக்காது. பேட்டரி நிறையாமலே கிடக்கும், கரண்ட் போனதும் பத்து நிமிடத்தில் படுத்துவிடும். 3 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். யூபிஎஸ்ஸைத் துணி மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், லித்தியம் செல் சூட்டில் சீக்கிரம் கெடும்.

டவர்நிழல்

மொபைலை மாற்றாக வைப்பவர்களுக்கு. வீட்டு ஃபைபரும் சிம்மும் ஒரே கம்பெனியாக இருக்கக் கூடாது. கம்பெனியின் மையத்தில் கோளாறு வந்தால் இரண்டும் சேர்ந்தே மௌனமாகும்.

எந்த சிம் என்று முடிவு செய்வது ஞாயிறு காலை வேகம் பார்த்து அல்ல. தெருவில் கரண்ட் போன நேரத்தில் பாருங்கள். எல்லா வீட்டு வைஃபையும் செத்து, தெருவே ஒரே டவரில் ஏறும். அப்போது கிடைக்கும் வேகம்தான் உங்கள் மாற்று இணைப்பின் உண்மையான வேகம். ஃபோனின் சிம் ஸ்டேட்டஸில் சிக்னல் டிபிஎம் கணக்கில் தெரியும். மைனஸ் 85 அளவு நன்று, மைனஸ் 110க்குக் கீழே போனால் கோடுகள் தெரிந்தாலும் வீடியோ நிற்காது. ஒவ்வொரு ஜன்னலிலும் வைத்துப் பாருங்கள், சுவர் ஒன்று குறுக்கே வந்தாலே எண் தலைகீழாகும்.

டேட்டா கணக்கு: இருவர் மட்டும் பேசும் 720பி அழைப்புக்கு ஸூம் சொல்லும் தேவை போகவும் வரவும் தலா 1.2 எம்பிபிஎஸ். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. தினம் 1.5 ஜிபி பேக் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. அதன் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும், குரல் அழைப்பே திக்கும். வீடியோவை அணைத்துக் குரல் மட்டும் என்றால் மணிக்கு 70, 80 எம்பிதான். 5ஜி அன்லிமிடெட்டை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபோன் வீட்டுக்குள் 4ஜிக்கு இறங்கினால் தினசரி அளவிலிருந்துதான் கழியும்.

லேப்டாப்பில் அந்த ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு' என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் மீட்டிங் நடுவில் விண்டோஸ் அப்டேட் மொத்த டேட்டாவையும் குடித்துவிடும். முடிந்தால் ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் யூஎஸ்பி கேபிளில் டெதரிங் செய்யுங்கள். ஃபோன் சார்ஜ் ஏறும், சுற்றியிருக்கும் வைஃபை நெரிசலும் பாதிக்காது.

4ஜி ரவுட்டரில் சிம் போடுகிறவர்கள் வங்கி ஓடிபி வரும் சிம்மைப் போட்டுவிடாதீர்கள். இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருவழிச்சாலை

தானாக மாற வேண்டும் என்பவர்கள் இரண்டு இணைப்பையும் மாட்டக்கூடிய டூயல் வான் ரவுட்டர் வாங்குகிறார்கள், டிபி-லிங்க் ஈஆர்605 மாதிரி. வாங்கியும் பலருக்கு மாறுவதில்லை. காரணம் ஒன்றுதான்: தெருவில் ஃபைபர் அறுந்தாலும் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள லேன் கேபிள் உயிரோடுதான் இருக்கிறது. ரவுட்டர் "இணைப்பு இருக்கே" என்று நினைத்துக்கொள்ளும். ஆன்லைன் டிடெக்‌ஷனில் 1.1.1.1, 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைப் பொட்டலம்) போட்டுப் பார்க்கச் சொன்னால்தான் விழிக்கும்.

லோடு பேலன்ஸை அணைத்து, ஒன்று முதன்மை, மற்றது மாற்று என்று வையுங்கள். இரண்டையும் கலந்து ஓட்டினால் பாதி வேலையில் உங்கள் நெட் முகவரியான ஐபி மாறி வங்கித் தளம் வெளியே தள்ளும்.

ஓஎன்டியும் 4ஜி ரவுட்டரும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் குழம்பும். ஒன்றை 192.168.10.1 ஆக்குங்கள்.

திரும்புவதைத் தானாக விடாதீர்கள் என்பது என் கட்சி. லைன்மேன் கம்பத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஃபைபர் நாலு முறை வந்து போகும். ரவுட்டர் அங்கும் இங்கும் தாவ, ஒவ்வொரு தாவலுக்கும் அலுவலக நெட்வொர்க்கோடு சேர்க்கும் விபிஎன் அறுந்து மறுபடி லாகின் கேட்கும்.

இரவுப்பணி

விபிஎன் என்றதும் ஒன்று. மொபைலுக்கு மாறியதும் விபிஎன் "கனெக்டட்" என்று காட்டும், ஆனால் மெயில் திறக்காது, பெரிய ஃபைல் தொங்கும். பல நேரம் இது எம்டியூ கோளாறு. எம்டியூ என்பது ஒரு வழியில் ஒரே பொட்டலமாகப் போகக்கூடிய உச்ச அளவு. பொட்டலம் பெரிதாக இருக்கிறது, வழி சிறிதாக இருக்கிறது. பிங்கில் 'துண்டாக்காதே' என்ற குறியோடு 1472 பைட் அனுப்பிப் பாருங்கள். போகாவிட்டால் பத்துப் பத்தாகக் குறையுங்கள். எந்த எண்ணில் போகிறதோ அதோடு 28ஐக் கூட்டினால் அந்த வழியின் எம்டியூ. விபிஎன்னுக்கு அதைவிடக் குறைந்தபட்சம் 100 கம்மியாக வைக்க ஐடி ஆட்களிடம் சொல்லுங்கள்.

சொல்லும்போதே மொபைல் ஐபி விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். சென்னையில் உட்கார்ந்திருந்தாலும் அது வேறு ஊரைக் காட்டலாம், பாதுகாப்பு எச்சரிக்கை கிளம்பி கணக்கு பூட்டிக்கொள்ளும். இரவு ஷிஃப்டில் அதைத் திறந்துவிட ஆள் கிடைக்காது.

மொட்டைமாடி

நல்ல விவரங்கள். இரண்டு சேர்க்கை.

மேலே உள்ள எல்லாம் சில மணி நேரத் தடைக்குத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, மொபைல் சிக்னலும் தடுமாறியது. டவருக்கும் பேட்டரியும் டீசலும்தான், தண்ணீர் நிற்கும் தெருவில் டீசல் வண்டி வராது. அப்படிப்பட்ட நாளுக்கு மாற்று இணைப்பு என்பது மாற்று இடம்தான். வேறு பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீடு, ஜெனரேட்டர் உள்ள கோ-வொர்க்கிங், அலுவலகம். எச்சரிக்கை வந்த அன்றே, தண்ணீர் ஏறும் முன், லேப்டாப்போடு கிளம்ப வேண்டும்.

அடுத்தது சோதனை. மாதம் ஒரு நாள், மீட்டிங் இல்லாத நேரத்தில், ஓஎன்டியிலிருந்து பச்சைக் கனெக்டரைக் கழற்றுங்கள். ரவுட்டரின் லேன் கேபிளை உருவிப் பார்ப்பது சோதனையே இல்லை, காரணம் மேலே இருவழிச்சாலை சொன்னதுதான். கனெக்டர் முனையைத் தொடாதீர்கள், கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், தூசு மூடி இருந்தால் போட்டு வையுங்கள். மாற்று இணைப்பில் ஒரு குரல் அழைப்பு, ஒரு விபிஎன் லாகின், ஒரு பெரிய ஃபைல். மூன்றும் தடையில்லாமல் நடந்தால் சரி.

டவர்நிழல்

சோதிக்கிற அன்றே சிம்மின் வேலிடிட்டியையும் பாருங்கள். ரவுட்டருக்குள் கிடக்கும் சிம்முக்கு வரும் ரீசார்ஜ் எஸ்எம்எஸ்ஸை யாரும் படிப்பதில்லை. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், 20 ரூபாய் இருப்பும் இல்லாமல் கிடந்தால் கம்பெனி அந்த எண்ணையே முடக்கிவிடலாம்.