சம்மாட்டியைச் சம்மட்டி ஆக்கிய விமர்சகர்

திருகோணமலைக்கு அருகே எங்கள் நிலாவெளியில், கரையில் நின்று இழுக்கும் கரைவலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, சென்ற ஆண்டு செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டேன். பொறுமையாக வாசித்துக் குறை சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

கரைவலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி. அந்தச் சொல்லை எழுத்துப்பிழை என்று சொல்லி, செயலி 'சம்மட்டி' என்று திருத்தித் தந்தது. மீன் வந்து சேரும் வலைப்பையை நாங்கள் மடி என்போம். 'மடி கனத்தது' என்ற என் வரியில் அது தாய்மையைக் கண்டு அரைப்பக்கம் வியந்தது. கடற்கரைக் குடிசையான வாடியையோ வாடிய மனத்தின் படிமம் என்றது. தெரியாது என்று ஓரிடத்திலாவது சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. எங்கள் கரையின் சொற்கள் அச்சில் குறைவு என்பதற்காக அவை பிழையாகிவிடுமா?

வெண்பாவும் கேட்டுப் பார்த்தேன். கோணேசர் கோயிலுக்குச் சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே பதிகம் பாடிய மண் இது. யாப்பில் ஆசை வராமல் இருக்குமா? ஈற்றடியில் மூன்று சீர்தான் வர வேண்டும், நான்கு வந்தது. சுட்டிக்காட்டினேன், மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி நான்கே எழுதியது. திருகோணமலையைக் குறிக்கும் கோணையை வைத்து 'கோணை வாழும்' என்று எழுதியதில், சீரும் சீரும் இணையும் தளை தட்டியது. 'கோணை' போன்ற மாச்சீரை அடுத்து வரும் சீர் நிரையசையில் தொடங்க வேண்டும். 'கோணை உறையும்' என்றால் சரி. இத்தகைய செயலிகள் சொற்களைத் துண்டுகளாக உடைத்துக் கையாள்கின்றன; குறில், நெடில், ஒற்று என்று எண்ணுவதில்லை.

பிறகு ஒரு சோதனை செய்தேன். என்னுடையது என்று சொன்னபோது 'மண்மணம் கமழும் படைப்பு' என்று புகழ்ந்த அதே கட்டுரையை, எனக்குப் பிடிக்காத ஒருவர் எழுதியது என்று புதிதாகக் கொடுத்தேன். உணர்ச்சி மிகை, தகவல் குறைவு என்றது. மனிதர் விரும்பித் தேர்ந்த பதில்களைக் கொண்டு பழக்கப்படுத்தப்படுவதால், கேட்பவர் மனம்போல் பேசும் சாய்வு இவற்றுக்கு உண்டு. இரண்டில் எதை நம்புவது? அன்றிலிருந்து அதன் பாராட்டை நான் வாசிப்பதே இல்லை.

ஆனாலும் நான் அதைக் கைவிடவில்லை. 'திருத்தாதே, புகழாதே, வாசகராக இருந்து கேள்வி மட்டும் கேள்' என்று சொன்னேன். பத்துக் கேள்விகள் வந்தன. பெரும்பாலானவை வெறும் சம்பிரதாயம். ஒன்று மட்டும் உறைத்தது. வலை இழுப்பவர்களுக்குப் பங்கு எப்படிப் பிரிக்கப்படுகிறது? இத்தனை பக்கம் எழுதியும் அது என் கட்டுரையில் இல்லை.

பல காலம் கரைவலை இழுத்த பெரியப்பாவிடம் போனேன். பங்குக் கணக்கை விரலில் எண்ணிக் காட்டிவிட்டு, கட்டுரையை வாசித்துக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார்.

"எல்லாம் சரி பிள்ளை. வலை கனக்கும்போது அம்பாப் பாட்டின் கதி மாறுமே, அதை ஏன் எழுதவில்லை?"

வலை இழுப்பவர்கள் பாடும் அந்தப் பாட்டின் கதி மாறுவதைக் கரையில் நின்று நான் காதால் கேட்டவள். வாடைக்காற்று ஓய்ந்து அடுத்த வலை இறங்கும்வரை அந்தப் பத்தியை வெறுமையாகவே விட்டுவைத்திருக்கிறேன்.