வழக்கறிஞர் அலுவலகத்தில் சோதனை: தெரிந்தவர்கள் விளக்குவீர்களா?

அமெரிக்கச் சட்டம் அறிந்தவர்கள் யாரேனும் இருந்தால் கைகொடுங்கள். சட்டக் கல்லூரிக்காக எழுதும் கட்டுரை, டிரம்பின் வழக்கறிஞராக இருந்த மைக்கேல் கோயன் வழக்கில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

2018 ஏப்ரல் 9 அன்று அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அவருடைய அலுவலகம், வீடு, ஹோட்டல் அறை என எல்லாவற்றையும் சோதனையிட்டது. கட்சிக்காரரும் வழக்கறிஞரும் பேசிக்கொள்வது ரகசியம். குற்றம் செய்வதற்கே ஆலோசனை கேட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இதுவரை புரிகிறது. ஆனால் அள்ளிச் சென்ற ஆவணங்களில் எது ரகசியம், எது இல்லை என்று தரம் பிரிப்பது யார்? இந்த விசாரணையில் சேராத வேறு அரசு வழக்கறிஞர்களே பிரிக்கட்டும் என்றது அரசுத் தரப்பு. பாலுக்குப் பூனை காவலா? நீதிபதி கிம்பா உட் கடைசியில் முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸை இந்த வேலைக்கு நடுநிலையாளராக நியமித்தார். அதற்குச் சில நாள் முன்பு, ஒரு கட்சிக்காரரின் பெயரை மறைக்கப் பார்த்த கோயன் தரப்பைத் திறந்த நீதிமன்றத்திலேயே சொல்ல வைத்தவரும் நீதிபதி உட்தான். வெளிவந்த பெயர், தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஷான் ஹானிட்டி!

2019இல் பால்டிமோர் சட்ட நிறுவனம் ஒன்றின் வழக்கில், நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக் குழு தரம் பிரிப்பதை ஏற்கவில்லை. மற்ற வட்டாரங்களின் மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் இதைப் பின்பற்றுகின்றனவா? நடுநிலையாளர் வேண்டும் என்று கேட்பது உரிமையா, நீதிபதியின் விருப்பமா? தீர்ப்பின் பெயரைச் சொன்னாலே போதும், தேடிப் படித்துக்கொள்வேன்.