மூன்று பேர் குழு, ஏழெட்டு வருடம் ஓட வேண்டிய ஆப்: ரியாக்ட் எடுக்கலாமா?

புதுவரி:
கிடங்கு இருப்புக் கணக்குக்கு ஒரு வெப் ஆப் கட்டப் போகிறோம். படிவங்கள், தேடல், அட்டவணை, தேதிவாரி அறிக்கை, அவ்வளவுதான். குழுவில் மூன்று பேர். ஒருவருக்கு ரியாக்ட் (திரைகளைக் கட்டப் பிறர் எழுதிவைத்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) தெரியும், மற்ற இருவருக்கு வெறும் ஜாவாஸ்கிரிப்ட். ஏழெட்டு வருடமாவது ஓட வேண்டும். எதை எடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

தச்சன்:
ஏழெட்டு வருடம் என்கிறீர்களே, அதை வைத்தே முடிவெடுங்கள். ரியாக்ட் போலவே திரைகளைக் கட்டும் ஃப்ரேம்வொர்க்கான ஆங்குலர்ஜேஎஸ் 2010இல் வந்தது. 2016இல் ஆங்குலர் 2 வந்தபோது அடியோடு திருத்தி எழுதியிருந்தார்கள். பழைய கோடை (நிரலை) அப்படியே கொண்டுபோக வழியில்லை. பழையதற்கான ஆதரவு 2021 கடைசியோடு நின்றது. வியூ 2 என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க்குக்கான ஆதரவு 2023 கடைசியோடு முடிந்தது. ரியாக்ட் பழகியவர்களில் பலர் தொடங்கிய, புதிய ஆப்பின் அடித்தளத்தை அமைத்துத் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவியையும் புதிய ஆப்களுக்கு எடுக்க வேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டார்கள்.

பிரவுசரிலேயே இருப்பது அவ்வளவு சுலபமாகப் போகாது. மிதக்கும் பெட்டி காட்டும் டயலாக் எலிமென்ட் 2022 மார்ச்சிலிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் உண்டு. சர்வரிடம் தரவு கேட்க ஃபெட்ச் உண்டு, தேதியை வடிவமைக்க இன்ட்ல் உண்டு. சர்வரில் எச்டிஎம்எல் உருவாக்கி அனுப்புங்கள். இந்த வேலைக்கு ஃப்ரேம்வொர்க்கே வேண்டாம்.

மின்மினி:
இதே அறிவுரையைக் கேட்டு நான் ஒரு தேடல் பெட்டி எழுதினேன். தட்டத் தட்டக் கீழே பரிந்துரை வர வேண்டும். இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. அப்புறம் மூன்று வாரம் போனது. அம்புக்குறி விசை, எஸ்கேப், வெளியே கிளிக் செய்தால் மூடுவது. பழைய கோரிக்கையின் பதில் தாமதமாக வந்து புதிய பதிலை மூடிவிடுவது. திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு எத்தனை பரிந்துரை என்றே தெரியாது. கடைசியாக ஒருவர் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்து, சொல்லை முடிக்க என்டர் அழுத்தினார், படிவமே சமர்ப்பிக்கப்பட்டுவிட்டது. சொல் இன்னும் தட்டச்சாகிக்கொண்டிருக்கிறதா என்று பிரவுசர் சொல்லும் ஈஸ்கம்போசிங் (isComposing) என்று ஒன்று இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

நல்ல லைப்ரரி எதிலும் இவை ஏற்கெனவே யாரோ ஒருவர் பட்டுத் திருத்தியவை. பிரவுசர் கொடுப்பது செங்கல். பரிந்துரைப் பெட்டி, தேதி தேர்வு, பல வரி தேர்ந்தெடுக்கும் அட்டவணை எல்லாம் அதில் கட்டி முடித்து வருவதில்லை.

தச்சன்:
பரிந்துரைப் பெட்டி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதற்கு ஒரு லைப்ரரி எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒன்றை எடுத்தால் ஒன்று மட்டுமா வருகிறது? 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற சின்ன லைப்ரரி என்பிஎம்மிலிருந்து (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியம்) நீக்கப்பட்டபோது, அந்தப் பெயரையே கேள்விப்படாதவர்களின் பில்ட் (ஆப்பைத் தொகுத்து உருவாக்கும் வேலை) எல்லாம் உடைந்தது. அப்புறம் வேறு லைப்ரரிகள்: 2018இல் ஈவென்ட்ஸ்ட்ரீம், 2025 செப்டம்பரில் சாக் (chalk), டிபக் (debug). கடைசி மூன்றிலும் தீய கோட் உள்ளே நுழைந்தது. இப்படி இறங்கும் லைப்ரரிகள் சேரும் நோட்மாட்யூல்ஸ் ஃபோல்டரில் இருப்பதை யார் படித்துப் பார்க்கிறார்கள்?

மின்மினி:
லெஃப்ட்பேட் பதினோரு வரி. அதை நாமே எழுத வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதை வைத்து ரியாக்ட்டை எடை போடாதீர்கள். எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் லாக்ஃபைலைக் கோடோடு சேர்த்துக் கமிட் செய்து (பதிந்து), பில்ட் சர்வரில் அதன்படியே நிறுவும் என்பிஎம் சிஐ கட்டளையை ஓட்டினால், நேற்றிரவு வந்த ரிலீஸ் தானாக உள்ளே வராது. ஆயுளைப் பற்றிக் கேட்டீர்களே: ரியாக்ட் 2013இலிருந்து இருக்கிறது. 2019இல் ஹூக்ஸ் என்ற புதிய எழுதும் முறை வந்தது. அதற்கு முந்தைய முறையில் எழுதிய கிளாஸ் காம்பொனென்ட்கள் இன்றைக்கும் ஓடுகின்றன.

நடுநிசி:
இருவருமே உள்ளே கொண்டுவருவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் மாட்டிக்கொண்டது வெளியே எடுக்கும்போது. தேதிகளைக் கையாளும் மொமென்ட் லைப்ரரியை நாங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபைல்களில் நேரடியாக இம்போர்ட் செய்திருந்தோம். 2020 செப்டம்பரில் அதைப் பராமரிப்பவர்களே, இனிப் புதிய வசதி வராது, புதிய திட்டங்களுக்கு வேறு பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு தேதியோடு ஏழு நாள் கூட்டினால் மூலத் தேதியே மாறிவிடும். எங்கள் கோடில் பல இடங்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் குணத்தை நம்பியே ஓடிக்கொண்டிருந்தன. பதிலுக்கு வந்த லைப்ரரியில் தேதி மாறாது. ஒவ்வொரு ஃபைலையும் கையால் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது தேதி வேலை முழுவதும் எங்களுடைய ஒரே ஃபைலில். மற்ற கோடுக்கு உள்ளே எந்த லைப்ரரி இருக்கிறது என்றே தெரியாது. ஒன்றைச் சேர்க்குமுன் அரை நாள் ஒதுக்கி, சேர்த்துவிட்டு எடுத்தும் பார்க்கிறோம். எடுக்க முடியாவிட்டால், அதோடு எத்தனை வருடம் வாழ முடியும் என்று பேசுகிறோம். லைப்ரரியின் பக்கத்தில் பிடித்தவர்கள் இடும் ஸ்டார் எண்ணிக்கையை நான் பார்ப்பதே இல்லை. பழைய இஷ்யூக்களுக்கு (பயனர்கள் பதியும் புகார்களுக்கு) யார் பதில் சொல்கிறார்கள், ஒரே ஆளா என்று மட்டும் பார்க்கிறேன்.

தச்சன்:
தேதிக்கு உறை போடலாம். ஃப்ரேம்வொர்க்கை எந்த ஃபைலில் போட்டு மூடுவீர்கள்? அதுதான் என் பயமே.

நடுநிசி:
மூட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். கணக்குப் போடும் விதிகளை அதற்கு வெளியே வைக்கலாம், அவ்வளவே.

புதுவரி:
ஒன்று சொல்ல விட்டுப்போனது. அட்டவணையில் ஐம்பது அறுபது வரிகளை ஒரே நேரத்தில் திருத்துவார்கள், கடைசியில்தான் சேமிப்பார்கள். மொத்தம் உடனே மாற வேண்டும், தவறான வரி சிவப்பாக வேண்டும்.

மின்மினி:
அந்த ஒரு திரைக்கே ரியாக்ட் தேவைப்படும்.

தச்சன்:
அந்தத் திரைக்கு மட்டும் என்றால் எதிர்க்க மாட்டேன். மற்ற படிவங்களையும் அதில் எழுதாதீர்கள்.

மின்மினி:
இரண்டு விதமாக எழுதினால் மூன்று பேரும் இரண்டையும் கற்க வேண்டும். அந்தச் செலவை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

புதுவரி:
திருத்தும் அட்டவணையை மட்டும் முதலில் இரண்டு விதமாகவும் கட்டிப் பார்க்கிறோம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள். ரியாக்ட்டில் எழுதப்போவது ரியாக்ட் தெரியாத இருவர். கோடோடு அடுத்த வாரம் வருகிறேன்.