மறு: சோதனையில் வரும் 'கன்ட்ரோல்': கட்டுப்பாடா, ஒப்பா, சாட்சியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் அறிவியல் படிக்கப் போகும் மாணவர்களுக்காக நாம் தொகுக்கும் அடிப்படைச் சொற்பட்டியலில் 'கன்ட்ரோல்' என்ற இந்த ஒரு சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. சோதனையில் மருந்தோ உரமோ தராமல், ஒத்துப் பார்ப்பதற்காக வைக்கும் பகுதியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இழையில் வந்த மடல்களை ஒருசேரப் படித்த பிறகு எழுதுகிறேன். மடல் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'கட்டுப்பாட்டுக் குழு' வேரூன்றிவிட்டது. புழங்கும் சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

புழங்கும் சொல்லில் கை வைக்கக் கூடாது என்பதே பொதுவாக என் நிலையும். இங்கே மட்டும் விலக்குக் கேட்கிறேன். 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் மாணவர் நின்றுவிடுவார். தெரியாத சொல் என்று தெரிகிறது, அகராதியைப் புரட்டுகிறார், ஒளிச்சேர்க்கை என்று ஒரே பொருள் கிடைக்கிறது, மேலே போகிறார். 'கன்ட்ரோல்' அவரை நிறுத்துவதே இல்லை. தொலைக்காட்சிக்கு ரிமோட் கன்ட்ரோல் வைத்திருப்பவருக்கு அது தெரிந்த சொல். தெரிந்த பொருளையே எடுத்துக்கொண்டு தவறான வாசிப்போடு பக்கத்தைத் திருப்புகிறார். 'வொர்க்', 'பவர்', 'சொல்யூஷன்', 'தியரி' எல்லாம் இந்த வகைதான். நம் பட்டியலில் அதிக இடம் இவற்றுக்கே போக வேண்டும் என்று தொடக்கத்திலிருந்து சொல்லி வருகிறேன்.

வேளாண் ஆய்வுக் கட்டுரைகளில் 'பெஸ்ட் கன்ட்ரோல்' (பூச்சிக் கட்டுப்பாடு) வரும், 'கன்ட்ரோல் பிளாட்' வரும், சில சமயம் இரண்டும் ஒரே வரியில் வரும். இப்போதைய சொல்லை வைத்துத் தமிழாக்கினால் என்ன கிடைக்கிறது பாருங்கள்: 'கட்டுப்பாட்டுப் பாத்தியில் பூச்சிக் கட்டுப்பாடு செய்யப்படவில்லை.' இதைப் படிப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். எந்தக் கட்டுப்பாடும் செய்யாமல் விட்ட பாத்திக்குத்தான் கட்டுப்பாட்டுப் பாத்தி என்று பெயர் வைத்திருக்கிறோம். போதாக்குறைக்குக் 'குழு' என்றாலே நமக்குக் கமிட்டி நினைவுக்கு வருகிறது. 'கட்டுப்பாட்டுக் குழுவில் நோய் கூடியது' என்ற வரியை முன்பின் தெரியாமல் படித்தால் என்ன தோன்றும்?

> அப்படியானால் 'கன்ட்ரோல்' என்றே எழுதிவிடலாம்.

ஆக்சிஜனுக்கு அந்த வழி பொருந்தும். இங்கே குழப்பம் ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கிறது. அப்படியே எடுத்தால் குழப்பமும் கூடவே வந்துவிடும். அச்சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இது விளங்கும். இடைக்கால இலத்தீனில் 'ரோட்டுலுஸ்' என்றால் சுருள். ஒரு கணக்குச் சுருளுக்கு எதிராக இன்னொரு படிச் சுருளை வைத்து ஒத்துப் பார்ப்பதிலிருந்துதான் 'கன்ட்ரோல்' வந்தது. அடக்குவது, ஆள்வது என்ற பொருள் பிறகு ஏறியது. ஆய்வகத்தில் வழங்குவது அந்தப் பழைய பொருள், ஒத்துப் பார்ப்பது. நாம் பின்னால் வந்த பொருளைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்துவிட்டோம்.

இனி, முன்வைக்கப்பட்ட சொற்கள்.

'ஒப்புக்குழு' பொருளில் சரியானது. ஆனால் சொல்லிப் பாருங்கள், காதில் 'ஒப்புக்கு' என்று விழுகிறது. ஒப்புக்குச் செய்தார், ஒப்புக்குச் சப்பாணி என்றெல்லாம் பேச்சில் ஊறிய சொல். சோதனையின் உயிர்நாடியான பகுதிக்கு அந்தப் பெயர் வேண்டாம். 'ஒப்பீட்டுக் குழு'வில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அது அகலம். இரண்டு உரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இரண்டுமே ஒப்பீட்டுக் குழுக்கள்தான். உரமே இடாத பாத்தியை அவற்றிலிருந்து பிரித்துக் காட்ட அச்சொல்லால் முடியாது.

'ஆணி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த மடலை மிகவும் ரசித்தேன். பொன்னின் மாற்றுப் (தூய்மை) பார்ப்பவர் மாற்றுத் தெரிந்த உரையாணியைக் கட்டளைக்கல்லில் உரசி, பக்கத்திலேயே புதுப் பொன்னையும் உரசி, இரண்டு கோடுகளின் நிறத்தையும் பார்ப்பார். அறிந்ததை வைத்து அறியாததை அளக்கும் முறை நம் தொழில் மரபிலேயே இருந்திருக்கிறது என்பது மகிழ்ச்சிதான். ஆனால் உரையாணி ஓர் அளவுகோல். வேதியியலில் 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்வதோடு அது பொருந்தும். உரமிடாத பாத்தி அளவுகோல் ஆகாது. ஸ்டாண்டர்டுக்கான சொல்லை எடுக்கும்போது இதை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

என் பரிந்துரை 'சாட்சி'.

பிரெஞ்சு மொழியில் ஆய்வகக் கன்ட்ரோலுக்கு 'தெம்வான்' என்பார்கள். சாட்சி என்று பொருள். 1881இல் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்தர், கால்நடைகளைக் கொல்லும் ஆந்த்ராக்ஸ் நோய்க்கான தடுப்பூசியைப் பொதுவெளியில் சோதித்தபோது 24 செம்மறியாடுகளுக்கு ஊசி போட்டார், 24க்குப் போடவில்லை. பிறகு எல்லாவற்றுக்கும் நோய்க்கிருமியைச் செலுத்தினார். ஊசி போடாத 24 ஆடுகளும் மடிந்தன. அவை மடிந்திராவிட்டால், ஊசி போட்ட ஆடுகள் பிழைத்ததற்கு எந்தப் பொருளும் இருந்திருக்காது. செலுத்திய கிருமியே வீரியம் இழந்தது என்று யாரும் சொல்லியிருக்கலாம். கிருமி கொல்லக்கூடியது என்று சொன்னவை அந்த 24 ஆடுகள். சாட்சி என்ற சொல் அதற்கு அப்படியே பொருந்துகிறது.

பிரெஞ்சில் இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. தமிழில் வினையோடு இது இயல்பாகச் சேர்கிறது: சாட்சி வைத்துச் சோதித்தார்கள், சாட்சி வைக்காத ஆய்வு, சாட்சியில் மாற்றம் இல்லை. 'சாட்சிப் பாத்தியில் பூச்சிக் கட்டுப்பாடு செய்யவில்லை' என்ற வரியில் இப்போது எந்த முரணும் இல்லை. சாட்சி இலை, சாட்சிக் குழாய் என்று பொருளுக்கேற்ப ஒட்டிக்கொள்ளும். மனிதர்களை வைத்துச் செய்யும் மருந்தாய்வில் குழுவை விட்டுவிட்டு 'அணி' என்போம்: மருந்தணி, சாட்சியணி.

> சாட்சி வடசொல். 'கரி' இருக்கிறதே?

இருக்கிறது. 'இந்திரனே சாலுங் கரி' என்று குறளிலேயே இருக்கிறது. ஆனால் இன்றைய மாணவருக்குக் கரி என்றால் அடுப்புக்கரி, வேதியியலில் கரிமம். ஒரு மயக்கத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றை உண்டாக்கிவிடுவோம். 'சான்று' நல்ல சொல்தான், ஆனால் அதை 'எவிடென்ஸ்' என்பதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். சாட்சி சொல்வது சான்று என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது நல்லதும்கூட.

> நீதிமன்ற வாடை அடிக்கிறதே?

மனச்சாட்சிக்கும் கண்கண்ட சாட்சிக்கும் யாரும் நீதிமன்றம் போவதில்லை. இந்தத் தடையைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

பட்டியலில் விளக்கத்துக்குப் பாதி இலைச் சோதனையைப் போடலாம் என்பது என் கருத்து. பெரும்பாலோர் பள்ளியில் பார்த்தது. செடியை இருட்டில் வைத்து இலையில் உள்ள ஸ்டார்ச்சை வெளியேற்றுகிறோம். பிளந்த தக்கையின் வழியே ஓர் இலையின் பாதியைக் குப்பிக்குள் நுழைக்கிறோம். குப்பிக்குள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடும். வெயிலில் வைத்து, பின் இலையை ஆல்கஹாலில் நிறம் நீக்கி, அயோடின் விடுகிறோம். வெளியே இருந்த பாதி கருநீலம் ஆகிறது, உள்ளே இருந்த பாதி ஆகவில்லை.

வெளிப்பாதிதான் சாட்சி என்று சொல்லித்தருகிறோம். அது போதுமா என்று மாணவர் கேட்க வேண்டும். உள்பாதிக்குக் கார்பன் டை ஆக்சைடு மட்டுமா இல்லை? வெளிச்சம் கண்ணாடி வழியாக வருகிறது, உள்ளே ஈரப்பதம் வேறு, காற்றோட்டம் இல்லை. இவற்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். அதே செடியின் இன்னோர் இலையை அதே போன்ற குப்பியில், கரைசலுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்தால் அது நம்பத்தக்க சாட்சி. ஒரே ஒரு காரணியில் மட்டும் வேறுபட்டு, மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருப்பதே சாட்சி. 'சாட்சி எது, அது நல்ல சாட்சியா?' என்ற கேள்வியைத் தமிழில் எவ்வளவு எளிதாகக் கேட்க முடிகிறது பாருங்கள். 'கட்டுப்பாடு எது, அது நல்ல கட்டுப்பாடா?' என்று கேட்டால் மாணவர் விழிப்பார்.

இதே சோதனையில் 'கன்ட்ரோல்டு வேரியபிள்' என்பதையும் காட்டிவிடலாம்: வெளிச்சம், நேரம், குப்பியின் அளவு. இவை மாறக்கூடியவை, நாம் மாறாமல் பிடித்து வைத்தவை. 'கட்டுப்படுத்திய மாறி' தவறில்லை, ஆனால் மேலே சொன்ன குழப்பத்துக்கு மறுபடி கதவு திறக்கும். 'நிலைநிறுத்திய காரணி' என்று போட்டுவிடலாம். 'மாறிலி' வேண்டாம், அது இயற்பியலில் ஒளியின் வேகம் போன்றவற்றுக்கும் வேண்டியிருக்கிறது. சாரா மாறி, சார்ந்த மாறி இரண்டும் இருக்கிறபடியே இருக்கட்டும். அணு உலையின் கட்டுப்பாட்டுக் கோல் உண்மையிலேயே கட்டுப்படுத்துவதால் அதையும் தொட வேண்டாம்.

இடையில் ஒரு வேண்டுகோள். 'மாஸ்' என்பதற்கு நேரே வெறுமனே 'நிறை' என்று இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் மாஸ் நிறை, வெயிட் எடை. இலங்கைப் பாடநூலில் மாஸ் திணிவு, வெயிட்தான் நிறை. இரு நாட்டு வழக்கையும் குறித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒரு சாராருக்கு நம் பட்டியலே தவறான பாடமாகிவிடும்.

இன்னும் தீராதது நேர், எதிர் சாட்சிகள் ('பாசிட்டிவ் கன்ட்ரோல்', 'நெகட்டிவ் கன்ட்ரோல்'). மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையில் மாதிரிக்குப் பதில் தண்ணீர் விட்ட குழாய் ஒன்று வைப்பார்கள். அதிலும் முடிவு 'இருக்கிறது' என்று வந்தால் எங்கோ மாசு கலந்திருக்கிறது. தேடும் மரபுப்பொருள் உறுதியாக உள்ள குழாய் ஒன்றும் வைப்பார்கள். அது 'இல்லை' என்றால் வேதிப்பொருள்களோ கருவியோ வேலை செய்யவில்லை. 'எதிர்ச்சாட்சி' என்றால் எதிராகச் சாட்சி சொல்பவர் என்று ஆகிவிடுகிறது, அதனால் முதலாவதற்கு 'இன்மைச் சாட்சி', இரண்டாவதற்கு 'இருப்புச் சாட்சி' என்று எழுதி வைத்திருக்கிறேன். 'இருப்பு' சரக்கு இருப்பை நினைவூட்டுகிறதா என்பதுதான் தயக்கம். ஆய்வகத்தில் அன்றாடம் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுபவர்கள் இரண்டையும் சில நாள் புழங்கிப் பார்த்துச் சொல்லுங்கள். தரம்பார்த்தலில் ('டைட்ரேஷன்') மாதிரி சேர்க்காமல் செய்து பார்க்கும் 'பிளாங்க்' இன்மைச் சாட்சிக்குள் அடங்குமா, 'வெற்றுச் சோதனை' என்று தனியாகவே இருக்கட்டுமா என்பதையும் வேதியியல் நண்பர்கள் சேர்த்து எழுதினால் இந்தப் பதிவை முடித்து அடுத்த எழுத்துக்குப் போகலாம்.

அன்புடன்