குழாயில் ஒரு மடிப்பு, செல்லுக்குள் வேறு மடிப்பு: ராக்ஸ்2 ஆர்.என்.ஏ-வை எம்.எல்.இ அவிழ்க்கிறதா, மறைக்கிறதா?

முடிச்சவிழ்

எல்லோருக்கும் வணக்கம். பழ ஈயின் எஸ்2 என்ற ஆண் செல்களில் ராக்ஸ்2 ஆர்.என்.ஏ (ஆண் ஈயின் எக்ஸ் குரோமோசோமை ஊக்க உதவும், புரதமாக மாறாத ஆர்.என்.ஏ) எப்படி மடிகிறது என்று ஷேப் முறையில் (இணையாமல் தளர்ந்த இடங்களில் வேதிப்பொருள் வினைபுரிவதை வைத்து மடிப்பைப் படிப்பது) பார்த்துக்கொண்டிருக்கிறேன். டி7 பாலிமரேஸால் தயாரித்த, புரதமே படாத ஆர்.என்.ஏ சோதனைக்குழாயில் ஒழுங்காக நடந்துகொள்கிறது. 3′ பக்கத்துப் பாதியில் ஸ்டெம்-லூப்கள் வரிசையாக வருகின்றன, தண்டில் வினை குறைவு, லூப்பில் அதிகம். செல்லுக்குள் அதே பகுதி வேறு முகம் காட்டுகிறது. ராக்ஸ் பாக்ஸ் (ராக்ஸ் ஆர்.என்.ஏ-க்களில் மாறாமல் வரும் சிறு வரிசை) இருக்கும் தண்டின் ஒரு கை நன்றாக வினைபுரிகிறது, குழாயில் திறந்து கிடந்த ஒரு யு-வரிசை அடங்கிவிடுகிறது.

எம்.எல்.இ ஹெலிகேஸின் (ஏ.டி.பி செலவழித்து இணைந்த இழைகளை அவிழ்க்கும் புரதம்) வேலையாக இருக்கும் என்று சுத்திகரித்த எம்.எல்.இ-யைக் குழாயிலேயே சேர்த்தேன். வரைபடம் மாறுகிறது. ஆனால் ஏ.டி.பி போட்டாலும் போடாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே மாற்றம்தான், அதுதான் குழப்பம். குழாயில் 37 டிகிரி, 1 மில்லிமோலார் மெக்னீசியம், 1 மில்லிமோலார் ஏ.டி.பி, வினைப்பொருள் 1எம்7. செல்லில் 25 டிகிரி, வினைப்பொருள் என்.ஏ.ஐ. ஆர்.என்.ஏ துண்டு கடைசித் தண்டு முடிந்த உடனே முடிகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

ஈப்பண்ணை

முதலில் மெக்னீசியத்தைப் பாருங்கள். ஏ.டி.பி கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மெக்னீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உங்கள் கலவையில் ஏ.டி.பி போட்ட குழாயில் கட்டற்ற மெக்னீசியம் மிகக் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கும். மடிப்பைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான் என்பதால் ஆர்.என்.ஏ தானாகவே கொஞ்சம் தளர்ந்துவிடலாம், அந்த மாற்றத்தை எம்.எல்.இ கணக்கில் எழுதிவிடவும் வாய்ப்பு உண்டு. மெக்னீசியத்தை ஏ.டி.பி-யைவிடச் சில மில்லிமோலார் அதிகமாக வையுங்கள், அப்புறம் புரதம் இல்லாமல் ஏ.டி.பி மட்டும் போட்ட குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, 37-ஐயும் 25-ஐயும் ஒப்பிடாதீர்கள். ஈயின் செல் 25-இல் வாழ்கிறது, குழாயையும் அங்கேயே வையுங்கள். 1எம்7-இன் அரை ஆயுள் 37 டிகிரியில் சுமார் 14 நொடிதான், என்.ஏ.ஐ பல நிமிடங்கள் உயிரோடு இருக்கும். ஒன்று சட்டென்று எடுத்த படம், மற்றது நீண்ட நேரச் சராசரி. இரண்டு பக்கமும் என்.ஏ.ஐ-யே போதும்.

பிப்பெட்பித்தன்

கடைசித் தண்டோடு ஆர்.என்.ஏ முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு அங்கேதான் சந்தேகம். எம்.எல்.இ 3′ பக்கத்திலிருந்து 5′ நோக்கி நகரும் ஹெலிகேஸ். ஏறி உட்கார 3′ முனையில் கொஞ்சம் ஒற்றை இழை வேண்டும். அது யு நிறைந்ததாக இருந்தால் அதற்கு இன்னும் பிடிக்கும். மொட்டையாக வெட்டிவிட்டால் எங்கே ஏறும்? வாலை நீட்டி ஒரு துண்டு தயாரியுங்கள்.

ஏ.டி.பி இல்லாமலே மாற்றம் வருவது எனக்கு வியப்பாக இல்லை. எம்.எல்.இ-யின் முன்பக்கம் இரட்டை இழையைப் பிடிக்கும் இரண்டு பகுதிகள் இருக்கின்றன, பிடிப்பதற்கு ஏ.டி.பி தேவையில்லை, அவிழ்க்கத்தான் தேவை. நீங்கள் இப்போது பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பிடிதான் என்பது என் ஊகம். புரதத்துக்கு உயிர் இருக்கிறதா என்பதையும் தனியாகச் சோதியுங்கள், ஆர்.என்.ஏ சேர்த்தால் பாஸ்பேட் வெளியேறும் வேகம் கூட வேண்டும். கூடவே ஜி.இ.டி திரிபு, அதாவது ஏ.டி.பி பிடிக்கும் இடத்து லைசினைக் குளூட்டமேட்டாக மாற்றியது. பிடிக்கும், அவிழ்க்காது. அதற்கும் சாதாரண எம்.எல்.இ-க்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் தேடும் விடை. ஏ.எம்.பி-பி.என்.பி (உடையாத ஏ.டி.பி போலி) போட்டு இன்னொரு குழாயும் வைத்தால் நல்லது.

முடிச்சவிழ்

இருவருக்கும் நன்றி, வாலை நீட்டித் துண்டு தயாரிக்கிறேன். செல்லுக்குள் நிரூபிப்பது எப்படி? எம்.எல்.இ-யை ஆர்.என்.ஏ.ஐ (ஆர்.என்.ஏ குறுக்கீடு) செய்து குறைத்துவிட்டுப் பார்க்கலாமா, இல்லை பெண் செல்லான கேசி-யோடு ஒப்பிடலாமா?

சுருள்கூந்தல்

கேசி வேண்டாம். பெண் செல்லில் எஸ்.எக்ஸ்.எல் புரதம் யு.என்.ஆர் என்ற இன்னொரு புரதத்தைச் சேர்த்துக்கொண்டு எம்.எஸ்.எல்2 புரதம் உருவாவதையே தடுக்கிறது. எம்.எஸ்.எல்2-ஐ மையமாகக் கொண்ட, எம்.எல்.இ-யும் சேர்ந்த புரதக் கூட்டு இல்லாத இடத்தில் ராக்ஸ் நிலைக்காது, நீங்கள் ஒப்பிட அங்கே ஆர்.என்.ஏ-வே இருக்காது. எம்.எல்.இ-யைக் குறைத்தாலும் இதே தொல்லை கொஞ்சம் வரும், ராக்ஸ்2 அளவு இறங்கும், வாசிப்பு ஆழம் குறைந்து வெறும் பிசிறெல்லாம் மாற்றம் மாதிரித் தெரியும். ராக்ஸ்2-க்கு மட்டுமான பிரைமர் வைத்து அந்தப் பகுதியைப் பெருக்கிப் படித்தால் தப்பிக்கலாம்.

மறைப்பா, மறுமடிப்பா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜடை மேல் கை வைத்து மூடியிருக்கிறார்களா, அவிழ்த்து வேறு பக்கம் பின்னிவிட்டார்களா என்பது போல இது. புரதம் மேலே உட்கார்ந்தால் வினை குறையும். ஏற்கெனவே இணைந்திருந்த தண்டின் கையில் வினை கூடுவதை வெறும் மறைப்பால் விளக்குவது கஷ்டம். ஆகவே அடங்கிப்போன யு-வரிசையை நம்பி எதுவும் எழுதாதீர்கள், கூடிய கையைத்தான் நான் நம்புவேன். டி.எம்.எஸ் என்ற வேதிப்பொருளையும் ஒரு முறை ஓட்டுங்கள், அது ஏ, சி இரண்டின் இணையும் முகத்தையே தொடுவதால் இணை பிரிந்ததா என்பதை இன்னும் நேரடியாகச் சொல்லும்.

இன்னொரு வழி, புரதத்தை மென்மையாக நீக்கிவிட்டுப் பார்ப்பது. மெக்னீசியத்தை இழக்காமல், சூடாக்காமல், புரோட்டினேஸ் கே. அடங்கியிருந்த இடம் திரும்பவும் வினைபுரிந்தால் மறைப்பு. ஆனால் புரதம் போனதும் ஆர்.என்.ஏ பழைய மடிப்புக்கே தாவிவிடலாம் என்பதால் இதை முடிவான தீர்ப்பாக எடுக்க மாட்டேன்.

பிப்பெட்பித்தன்

யு.என்.ஆர்-ஐயும் மறக்க வேண்டாம். ஆண் செல்லில் அது ராக்ஸ்2-இல் ஒட்டி எம்.எல்.இ ஏறுவதற்கு உதவுகிறது. செல்லில் தெரிந்து குழாயில் தெரியாத மாற்றத்தில் அதன் பங்கும் இருக்கும், குழாயில் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

முடிச்சவிழ்

ராக்ஸ், எம்.எல்.இ பற்றி 2013இல் வந்த ஆய்வுக் கட்டுரைகளை மேலோட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதை வைத்து உறுதி செய்தார்கள்?

சுருள்கூந்தல்

அந்த வருடம் ஆசிஃபா அக்தர் குழுவும் பீட்டர் பெக்கர் குழுவும் தனித்தனியாக வெளியிட்டார்கள். வடிவத்தோடு நிறுத்தாமல் விளைவையும் பார்த்தது முக்கியம். எம்.எல்.இ ஏ.டி.பி செலவழித்து ராக்ஸை மாற்றிய பிறகே எம்.எஸ்.எல்2 அதைத் தெரிந்தெடுத்துப் பிடிக்கிறது. அந்தக் கூட்டு எக்ஸ் குரோமோசோமில் போய் ஹிஸ்டோன் எச்4-இன் 16ஆவது லைசினில் அசிடைல் சேர்க்க, ஆண் ஈயின் ஒற்றை எக்ஸ் இரண்டுக்கு ஈடாக உழைக்கிறது. நீங்களும் எம்.எஸ்.எல்2 ஒட்டுகிறதா என்பதை அளவுகோலாக வைத்தால் ஷேப் வரைபடத்தை வைத்து வாதாட வேண்டிய அவசியம் பாதி குறையும்.

ஈப்பண்ணை

ராக்ஸ் மட்டும்தான் எம்.எல்.இ-யின் வேலை என்று நினைக்க வேண்டாம். நாப்-டிஎஸ் என்று எம்.எல்.இ-யில் ஒரு பழைய திரிபு உண்டு, சூடு ஏறினால் ஈ அப்படியே முடங்கி விழும். பாரா என்ற சோடியம் கால்வாய் மரபணுவின் முன்-எம்.ஆர்.என்.ஏ-வில் எடிட்டிங்குக்காக (ஆர்.என்.ஏ-வின் எழுத்தை மாற்றும் வேலை) ஒரு மடிப்பு உருவாகிறது, அது சரியாக அவிழாததால் ஸ்ப்ளைசிங் கெட்டுவிடுகிறது. எனக்கென்னவோ இந்தப் புரதத்தின் குணம் ராக்ஸைவிட இதில்தான் பளிச்சென்று தெரிகிறது.

முடிச்சவிழ்

சரி, எந்த வரிசையில் செய்யலாம்?

சுருள்கூந்தல்

மெக்னீசியம், வால், ஜி.இ.டி மூன்றும் ஒரே மூச்சில். அங்கே வித்தியாசம் தெரிந்த பிறகு செல்லுக்குள் சோராலென். 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அதைக்கொண்டு இணைந்த இழைகளைப் பிணைத்து, துண்டுகளை ஒட்டி, 254-இல் பிணைப்பை விடுவித்துப் படித்தால் எந்தக் கை எந்தக் கையோடு சேர்ந்தது என்று நேராகவே வந்துவிடும். 254-இல் அதிக நேரம் விட்டால் ஆர்.என்.ஏ-வே சேதமாகும், நேரத்தை முதலில் வேறு மாதிரியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.