கடல்தொட்டியில் பவளம் திடீரென்று வெளுத்ததா? நடந்ததைச் சொல்லுங்கள்

மூன்றடித்தொட்டி

இளஞ்சிவப்பு பேர்ட்ஸ்நெஸ்ட், கிளைவிட்டு வளரும் பவளம். கட்டைவிரல் அளவில் வந்தது, ஒன்றரை வருடத்தில் இரண்டு கை சேர்த்து ஏந்தும் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஆல்கலினிட்டி (தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் திறன்) 8.3, கால்சியம் 420, உப்பு 35, வெப்பம் 26. எப்போதும் இருக்கிற எண்கள்தான். புதன் காலை நுனிகள் வெள்ளையாகத் தெரிந்தன. புது வளர்ச்சி என்று சந்தோஷப்பட்டேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் மேல்பக்கம் முழுக்க வெள்ளை, நிழலில் இருந்த அடிப்பக்கம் மட்டும் பழைய நிறத்தில்.

எதையும் மாற்றவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். திங்களன்று தண்ணீரை வடிகட்டும் கார்பன் பையை மாற்றியதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நான்கு மாதமாகக் கிடந்த பழசை எடுத்துவிட்டு, புதியதை இரண்டு மடங்காகப் போட்டேன். தண்ணீரில் இருந்த மஞ்சள் ஒரே நாளில் போய்விட்டது. அந்த மஞ்சள்தான் அத்தனை நாளும் நீல ஒளியில் ஒரு பங்கைக் குடித்துக்கொண்டிருந்தது. விளக்கு அதே 60 சதவீதம். பவளத்தின்மேல் விழுந்த வெளிச்சம் மட்டும் கூடிவிட்டது.

இதுகூடப் பரவாயில்லை. புதன் இரவு ஒரு நண்பன் வந்திருந்தான். நீல விளக்கு மட்டும் எரிந்தது. "டேய், இருக்கிறதிலேயே இதுதான்டா அழகு" என்றான். நிஜமாகவே ஜொலித்தது. பவளத்தின் உள்ளே இருந்து அதற்குச் சாப்பாடு போடும் பாசி வெளியேறும்போது அதன் பழுப்பும் போய், ஒளிரும் நிறமி தனியாகத் தெரியுமாம். எனக்கு அது தெரியாது. நான் குனிந்து நிதானமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சம்ப்சத்தம்

கார்பன் என்று அதற்குள் தீர்ப்பு எழுதாதீர்கள். சதை இருந்ததா, இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே. வெளுத்த பவளத்தில் கண்ணாடிபோல சதை இருக்கும், பாலிப் (பவளத்தின் குட்டி வாய்கள்) நீட்டும். சதை உரிந்து எலும்புக்கூடு தெரிந்தால் அது வேறு வியாதி, வெளிச்சத்தைக் குறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

எனக்கு நடந்தது இரண்டாவது. மருந்தை அளந்து ஊற்றும் டோஸிங் பம்ப் நிற்காமல் ஓடி, ஒரே இரவில் ஆல்கலினிட்டி 7.5-லிருந்து 11-க்குப் போனது. அக்ரோபோரா பவளம் அடியிலிருந்து வெள்ளையாகி வந்தது. தூசி படிந்திருக்கிறது என்று நினைத்து பிப்பெட்டால் மெல்ல ஒரு ஊது ஊதினேன். தோல் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து தண்ணீரில் பறந்தது. மீன்கள் ஓடி வந்து தின்றன. இன்றைக்கும் பிப்பெட்டைக் கையில் எடுத்தால் ஒரு மாதிரி இருக்கும்.

பூஜ்யப்பிரியன்

நான் பாஸ்பேட் 0.00 வந்த அன்று டெஸ்ட் கருவியின் திரையைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியவன். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகளை அள்ளிப் போட்டு வாங்கிய பூஜ்யம். மூன்று வாரத்தில் மாண்டிபோரா பவளம் சாயம் போன துணிமாதிரி ஆனது. நிழல், வெளிச்சம் என்ற வித்தியாசமே இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே வெளிறல். அப்புறம் மணல்மேல் குமிழி குமிழியாகப் பழுப்புச் சளி: டைனோ என்கிற நுண்ணுயிர். என் கதை அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெளுத்துவிட்டது என்றவுடன் பத்து வேலை செய்யாதீர்கள். முதலில் வெப்பமானி, அதுவும் இரண்டாவதாக ஒன்றை வைத்துப் பாருங்கள். ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொள்வது நாம் நினைப்பதைவிட அதிகம். பிறகு உப்பு, ஆல்கலினிட்டி. அதற்கப்புறம்தான் நைட்ரேட், பாஸ்பேட். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். வெளிச்சம்தான் காரணம் என்று தெரிந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, வாரத்துக்கு 5 சதவீதமாக ஏற்றுங்கள். பவளத்தை இடம் மாற்றி மாற்றி வைக்காதீர்கள், அதற்கு ஏற்கெனவே போதும் போதும் என்றிருக்கிறது. டார்ச், ஹேமர் போன்ற பெரிய வாய்க்காரப் பவளங்களுக்கு விளக்கு அணைந்தபின் பொடியாக்கிய இறாலைக் கொஞ்சம் கொடுங்கள். பாசி சமைத்துப் போடாத காலத்தில் அதுதான் சோறு. "நிறம் திரும்பும்" என்று எழுதிய பாட்டில்களை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். அவற்றில் மூன்று என் வீட்டில் பாதி பாதியாக இருக்கின்றன.

கைநடுக்கம்

உப்பைப் பாருங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். எதை வைத்துப் பார்ப்பது? நான் ஒரு வருடம் தினமும் பார்த்தேன், தினமும் 35. உப்பை அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யத்துக்குத் திருத்தி வைத்திருந்தேன். பூஜ்யத்தில் சரியாகக் காட்டுகிற கருவி 35-லும் சரியாகக் காட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. 35-க்கான திருத்தத் திரவத்தை ஒரு சொட்டு விட்டபோது கோடு 40-ல் நின்றது. அதாவது என் தொட்டி 30. கால்சியமும் ஆல்கலினிட்டியும் எப்போதும் குறைவாகவே இருந்து, நான் ஊற்றிக்கொண்டே இருந்ததற்கு அன்றுதான் காரணம் தெரிந்தது. அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளிறிய பவளங்களைத் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

காளான்வளர்ப்பவன்

ஹீட்டர் மாட்டிக்கொண்டது என்றதும் எழுதத் தோன்றியது. நான் ஊரில் இல்லாத இரண்டு நாள், திரும்பி வந்தபோது வெப்பம் 31. சிவப்புக் காளான் பவளம் டிஷ்யூ காகிதம் போல இருந்தது. தூக்கிப் போட மனம் வராமல் ஒரு மூலையில் விட்டுவைத்தேன். இரண்டரை மாதம் கழித்து வாயைச் சுற்றி மிளகு தூவியது போல நாலைந்து பழுப்புப் புள்ளிகள். அழுக்கோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அங்கேயேதான் இருந்தன.

மூன்றடித்தொட்டி

சம்ப்சத்தம், சதை இருந்தது, பாலிப்பும் நீட்டியது. ஆகவே கார்பன்தான் என்று இன்னமும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். விளக்கை 40-க்கு இறக்கி ஆறு வாரம் ஆகிறது. உச்சிக்கிளைகள் போய்விட்டன, அவற்றில் பச்சைப்பாசி ஏறியதால் வெட்டி எடுத்துவிட்டேன். நடுவில் இளஞ்சிவப்பு மங்கலாக மேலே ஏறி வருகிறது.

நண்பன் நேற்று மறுபடியும் வந்தான். தொட்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அந்த ஜொலிச்சது எங்கடா?"